லீலாவதியின் இடது சிறுநீரகம்

மஞ்சூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்த லீலாவதி எவர் சொல்வதையும் எளிதில் நம்பமாட்டாள். தம்பி வேலுமணிக்குத் தன் வலது சிறுநீரகத்தைக் கொடுத்தபோதுகூட, தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து படித்த பிறகே கையெழுத்திட்டாள்.

அது 1999. அடுத்த ஆண்டு பச்சைத் தேயிலை விலை சரிந்து, தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடியது. ஆண்டுக்கொரு முறை எடுக்கச் சொல்லியிருந்த ஸ்கேனை, வேலையில்லாத ஒரு நாளில் குன்னூர் போய் எடுத்து வந்தாள். அறுவைக்கு முந்தைய அறிக்கையில் இடது சிறுநீரகம் பத்து சென்டிமீட்டர். புதியதில் பதினொன்றரை. கீழே 'இயல்பு' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்தான் அவளை உறுத்தியது. கட்டி என்று தெரிந்தே மறைக்கிறார்களோ?

"ஸ்கேன்ல என்னக்கா சொன்னாங்க?" என்று வேலுமணி போனில் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. நீ மாத்திரைய நேரத்துக்குப் போடு."

மறுவாரம் ஊட்டியில் வேறொரு நிலையத்துக்குப் போனாள். குன்னூர்க்காரர்களைக் கேட்டுவிடுவார்களோ என்று பாப்பம்மாள் எனப் பெயர் கொடுத்தாள். அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். அங்கும் பதினொன்றரைதான்.

இரண்டு அறிக்கைகளோடு கோவைக்குப் பஸ் ஏறினாள். அங்கே சிறுநீரக டாக்டர் ஞானசுந்தரி அவற்றை வாங்கிப் பார்த்தார்.

"பாப்பம்மாள் யாருங்க?"

"நான்தானுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு செஞ்ச வேலைய இப்ப ஒண்ணே செய்யோணுமுங்க. அதனால செல்லுக்குள்ள இருக்கிற சில புரதங்க அதைப் பெருசாகச் சொல்லும். ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் பருத்துக்கும். கட்டின்னா செல்லுங்க அடங்காமப் பெருகும். இது அதில்லீங்க."

"வளரச் சொல்றது சரிங்க. நிறுத்தச் சொல்றது யாரு?"

"அதுக்கும் புரதங்க இருக்குது. எல்லாத்தையும் இன்னும் கண்டுபிடிக்கல. எனக்கும் முழுசாத் தெரியாதுங்க."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இவர் எதையும் மறைக்கவில்லை என்று முதன்முறையாகத் தோன்றியது. ஆனாலும் முழுதாக நம்பிவிடவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்த ஸ்கேனில் அளவு மாறாமல் நின்றிருந்ததைப் பார்த்த பிறகே தம்பியிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மறுநாள் வேலுமணி மஞ்சூர் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"எங்கிட்டச் சொல்லாம எத்தன மாசம் இப்படி இருந்தே?" என்றான்.

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரை அவனுக்குக் கோபம் ஆறவில்லை.