சரிவில் தெரிந்த மூன்று மேடுகள்

எங்கள் வரைபட அலுவலகத்தில் தாக் மிரான் அக்காவுக்கு மறைப்பதுதான் வேலை. விமானம் மலைமேல் பறந்து லேசர் ஒளியைப் பொழிந்துவிட்டு வரும். கணினியில் மரங்களை உரித்துவிட்டால் நிலம் அம்மணமாகக் கிடக்கும். வடக்கு எல்லையோரம் அப்படித் தெரிகிற பதுங்குகுழி, பீரங்கிக் குழி எல்லாவற்றையும் அக்கா தேடிப்பிடித்துப் படத்திலிருந்து வழித்துவிடுவார். மறைக்காத பிரதி ராணுவத்துக்கு, மறைத்தது மற்றவர்களுக்கு. ஒன்று தப்பினாலும் அவர் வேலை போகும், வழக்கும் வரும். பக்கத்து மேசையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமை அக்காவுக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வெள்ள அபாய வரைபடத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய மறுநாள் காலை, என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சோக், இதப் பாரு. நான் தொலைஞ்சேன்."

அனுப்பிய வரைபடத்தில், ஒரு மலையின் தெற்குச் சரிவில் மறைக்காமல் விட்ட மூன்று வட்ட மேடுகள். ஒவ்வொன்றுக்கும் வடக்கே பிறைபோல ஒரு மண் அணை. எதிரி வடக்கே இருக்கிறான், அணையும் வடக்கே இருக்கிறது. பீரங்கிக் குழி என்றுதான் நானும் நினைத்தேன்.

"யாரும் பாத்திருக்க மாட்டாங்கக்கா. கமுக்கமா இருந்துடலாமே?"

"சொன்னா வேலை போகும், சொல்லலன்னா தூக்கம் போகும். எனக்குத் தூக்கம்தான் வேணும். வண்டிய எடு."

ராணுவ முகாமில் இருந்த லெப்டினன்ட் பட்டியலைப் புரட்டினார். "இதுல இல்லியே. ஆனா இது பழைய லிஸ்டு. நேர்லயே பாத்துடுவோம்."

ஜீப்பில் போய் இறங்கி மலையேறும்போது புல்வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது. முன்னோரை வணங்கும் சூசோக் பண்டிகைக்கு நாலு நாள் இருந்தது. முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், தன் குடும்பத்துக் கல்லறைகளில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று கல்லறை மேடுகள். தெற்கு வெயிலைப் பார்த்தபடி மேடு, மேலிருந்து இறங்கும் மழைநீர் அரிக்காமல் பின்னால் மண் அணை. எங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கும் இதே அணைதான். வருடா வருடம் நாங்களும் அங்கே புல் வெட்டுகிறவர்கள்தான். வெட்கமாக இருந்தது.

அக்கா ஓடிப்போய் ஒரு மேட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க அப்பன் மேல எதுக்குக் கை வெக்கிற?"

"பீரங்கின்னு நெனச்சுட்டேன்யா."

"எங்க அப்பனையா?" பெரியவர் மெஷினை அணைத்தார். "சரியாத்தான் நெனச்சிருக்க. ஆனா பக்கத்துல படுத்திருக்கா பாரு எங்க ஆத்தா, அவதான் பெரிய பீரங்கி."

லெப்டினன்டும் நானும் சிரித்துவிட்டோம். அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வெட்டிய புல்லில் மண்டியிட்டு, முன்பின் தெரியாத அந்த மூன்று பேருக்கும் எங்கள் வழக்கப்படி இரண்டிரண்டு முறை நெற்றி தரையில் பட வணங்கினார். எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

லெப்டினன்ட் நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினார்: "மூணும் கல்லறை. ராணுவத்தோடது இல்ல."

"சார்," என்றார் அக்கா, "இன்னொரு தடவ படிங்களேன்."