பச்சையம்மா அக்கா இரண்டு முறைதான் கூப்பிட்டாள்

புதன்கிழமை காலையில் பாறை மேல் கடுக்காயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. டிரைவர் அண்ணன் எப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் ஊருக்குள் வருவார். அன்று அடிக்கவில்லை. இறங்கி நின்று, "செல்வீ" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். நான் உடனே "ஓவ்" என்றேன். பக்கத்துப் பாறையில் இருந்த சின்னப்பொண்ணு அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லுகிறவள் எங்கள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அவளைப் பற்றிய சேதிதான் ஜீப்பில் வந்திருந்தது.

"அக்கா போய்ட்டாங்கம்மா. விடியக்காலைல, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில. மத்தியானம் எடுத்தாறோம். ஊர்ல சொல்லிடு" என்றார்.

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் என்னிடம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். எப்படி விழுந்தாள், நீ எங்கே இருந்தாய், எப்போது பார்த்தாய்? தெரிந்ததைச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. காரியத்தன்றும் கேட்டார்கள். அன்றும் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பச்சையம்மா அக்காவோடு காட்டுக்குப் போன எல்லாருக்கும் இது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆறாவதோடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல எனக்குக் குரல் வராது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். இருந்தும் இல்லாமல் போவதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு நாள் போகாமல் விட்டேன். யாரும் தேடி வரவில்லை. அடுத்த தை மாதம் அம்மா என்னைப் பச்சையம்மா அக்காவோடு கடுக்காய் பொறுக்க அனுப்பினாள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேர் இன்னாடி?"

நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி வா ஊமச்சி. பேசாதவளுக்குக் காய் ஜாஸ்தி சேரும்."

அன்றிலிருந்து நான்கு வருஷம் அவளுக்கு நான் ஊமச்சிதான். ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு நிறையச் சட்டங்கள் இருந்தன. யாரையும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. தனக்காக வைத்திருந்தாள், கூட வருகிறவர்கள் மீறினால் திட்டினாள், அவ்வளவுதான். கொண்டுபோகிற களியில் ஒரு கவளத்தைத் தூக்குச் சட்டியிலேயே மிச்சம் வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. "வூட்டு வாசல மிதிக்கிற வரைக்கும் அத்தத் தொடாத" என்பாள். ஒரு முறை ஓடையில் வெள்ளம் வந்து, காட்டுப் பக்கமே பொழுது சாயும்வரை மாட்டிக்கொண்டோம். சின்னப்பொண்ணு அத்தை பசியில் அழவே ஆரம்பித்துவிட்டாள். "இவ்ளோ பெரிய ஒடம்ப வெச்சிக்கினு அழுவுறியே அத்த" என்று அக்கா தன் கவளத்தை எடுத்து நான்கு பேருக்கும் பிட்டுக் கொடுத்தாள். ஆளுக்கு எலுமிச்சம்பழ அளவுகூட வரவில்லை. அதைத் தின்றுவிட்டு நாங்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது, எதற்கு என்று நினைவில்லை.

புரியாததற்குத் தலையாட்டக் கூடாது என்பது இன்னொன்று. தலையாட்டுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பேச்சு என்பதால் இதற்காக நான் வாங்கிய திட்டு அதிகம். ஒரு முறை எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து, நர்ஸம்மா இரண்டு நிற மாத்திரை கொடுத்து, எதை எப்போது போட வேண்டும் என்று வேகமாகச் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கூட வந்த அக்கா வழியில் கேட்டாள்.

"மஞ்ச மாத்திர எத்தினி?"

நான் மாத்திரைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியாதா? அப்புறம் இன்னாத்துக்குத் தலைய ஆட்டுன? நீ இன்னா பூம்பூம் மாடா?"

கையைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மாவின் முன்னால் நிறுத்தினாள். தான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்கும்வரை சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்டேன். மஞ்சள் மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகுதான் போட வேண்டுமாம். நான் விடிந்ததும் வெறும் வயிற்றில் போடுவதாக இருந்தேன்.

சண்டை போட்டுவிட்டு வந்தவள் மரம் ஏறக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். காட்டுக்குள் நுழையும் முன் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்ப்பாள். "யாராவது வூட்ல அடி வாங்கினு வந்தீங்களா, அடி குடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்பாள். வாங்கியிருந்தாலும் கொடுத்திருந்தாலும் அன்றைக்குக் கீழே உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டியதுதான். கோபம் கையில் இருக்கும்போது கிளையைப் பிடிக்க வேறு கை கிடையாது என்பாள்.

கடைசியாக வருவது கூப்பாடு. நம் ஊரில் காட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் இரண்டு முறைக்கு வாய் திறக்க மாட்டோம். பேய்க்கு மூன்றாவது முறை கூப்பிட வராது என்று சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மட்டும் முதல் சத்தத்துக்கே "ஓவ்" என்பாள். யாரைக் கூப்பிட்டார்கள் என்றுகூடப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் எதிர்மலையில் ஓர் ஆள் தன் பெண்சாதியைக் கூப்பிட, இவள் பதில் கொடுக்க, அந்த ஆள் பள்ளத்தில் இறங்கி, ஏறி, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"நீயா கத்துன? எம் பொண்டாட்டி எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? கூப்ட்ட, பதில் சொன்னேன்."

"நான் உன்ன கூப்ட்டனா?"

"ஒம் பொண்டாட்டி வாய் தொறக்கல இல்ல? உசுரோட ஒருத்தி கீறான்னு தெரிஞ்சிதே, சந்தோசப்படு. தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவர் போன பிறகு சின்னப்பொண்ணு அத்தை, "என்னிக்காவது பேய்க்குப் பதில் சொல்லி மாட்டிக்கப் போற" என்றாள். அக்கா காயைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பேய் வந்தா பேசிக்கலாம் அத்த. மனுசன் போய்ட்டா இன்னா பண்றது?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் அடுப்பிலிருந்து களிப் பானையை இறக்கும்போது நான் கை தவறி விட்டுவிட்டேன். பாதி மண்ணில். அம்மா திட்டினாள், முதுகில் இரண்டு வைத்தாள். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வந்தேன். அக்கா பார்த்ததும் கண்டுபிடித்தாள்.

"இன்னாடி மூஞ்சி? வாங்கினியா?"

தலையாட்டினேன்.

"அப்ப நீ கீழ. நான் ஏறிக்கிறேன்."

பெரிய பாறைக்கு மேலே இருக்கும் அந்த மரத்தில் ஏற அன்று என்னுடைய முறை. மற்றவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அக்கா மேலே போனாள். நான் பாறைக்கு இந்தப் பக்கம், முன்பு உதிர்ந்ததைப் பொறுக்கினேன். பனி இறங்கி, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. துரட்டியால் கிளையை உலுக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. இளைப்பாறுகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது "செல்வீ" என்று ஒரு குரல் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். அது அக்காவின் குரல் மாதிரி இருந்தது. ஆனால் அக்கா என்னைச் செல்வி என்று கூப்பிட மாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிட மெதுவாக, "செல்வீ" என்று இன்னொரு முறை கேட்டது. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.

மூன்றாவது வரவில்லை.

நான் மறுபடி உட்கார்ந்து காய் பொறுக்கினேன். இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தில் வேகமாகப் பொறுக்கினேன். கால் கூடை நிறைந்தது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களில் காய் பொறுக்கியவர்களுக்குத் தெரியும். துரட்டிச் சத்தம் திரும்ப வராததால்தான் எழுந்து போனேன்.

மரத்தடியில் மல்லாந்து கிடந்தாள். ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டோரம் சிரித்தாள்.

"இன்னாடி, பேய்னு நெனச்சியா?"

தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"ஆமாங்க்கா" என்றேன்.

"அதான பாத்தேன். பேர் சொல்லிக் கூப்டது தப்பாப் போச்சி." மூச்சு வாங்கினாள். "போ, பாற மேல ஏறி அவளுங்களக் கத்து. மூணு தரம் கத்து. ரெண்டுக்கு வர மாட்டாளுங்க."

பாறை மேல் ஏறினேன். "சின்னப்பொண்ணு அத்தே" என்று கத்தினேன். பதில் இல்லை. இரண்டாவது முறை கத்தினேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், வாயை மூடிக்கொண்டு, என்னைப் போலவே. மூன்றாவதுக்குத்தான் "ஓவ்" வந்தது. அத்தை, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

ஆண்கள் வந்து கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். ரோடு வரும்வரை கூடவே ஓடினேன். ஜீப்பில் அவள் வீட்டுக்காரருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் இடம். ஏற்றும்போது அக்கா கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். "கூடைய எடுத்தா. காய் பனியில நனஞ்சா கறுத்துடும்" என்றாள். எனக்கு அவள் சொன்ன கடைசிப் பேச்சு அது.

உள்ளே ரத்தம் கசிந்துவிட்டதாம். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ. சொல்லவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

அவள் கூடையையும் தூக்குச் சட்டியையும் நான்தான் கொண்டுவந்தேன். சட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு கவளம் களி இருந்தது. வாசலை மிதித்த பிறகு தின்பாள் என்று மூடி வைத்தேன். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன் மத்தியானம் அவளை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். களி புளித்துப் பூஞ்சை பிடித்திருந்தது. அவள் மாட்டுக்கு வைத்தேன், அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சட்டியைக் கழுவி அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "நீயே வெச்சிக்கம்மா" என்றார்.

இப்போது அதில்தான் களி கொண்டுபோகிறேன். ஒரு கவளம் மிச்சம் வைக்கிறேன். புரியாவிட்டால் புரியவில்லை என்கிறேன், குரல் நடுங்கினாலும். போன வாரம் காட்டில் யாரோ "செல்வீ" என்றார்கள். நான் "ஓவ்" என்றேன். பக்கத்தில் இருந்த சின்னப்பொண்ணு அத்தை என் வாயைப் பொத்தப் பார்த்தாள்.

"யாருன்னே தெரியாம பதில் சொல்றியே, அவ செத்து மாசங்கூட ஆவல!"

"பேய் வந்தா பேசிக்கலாம் அத்த" என்றேன்.

அத்தை கையை எடுத்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் காய் பொறுக்கினோம்.

அத்தை நினைத்ததுதான் எனக்கும் மனதில் இருந்தது. ஒரு நாள் அந்தக் குரல் அக்காவுடையதாகவே இருக்கலாம். இருக்கட்டும். இன்னொரு முறை அவளை இரண்டாம் தரம் கூப்பிட வைக்க மாட்டேன்.