கேட்டவர் என்ற கட்டம்

வசந்தினி ரீச்சரின் ஸ்கூட்டிச் சத்தத்துக்குப் பயப்படாத பெற்றோர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. பின்னேரம் நான்கு மணிக்குக் குருநகர் ஒழுங்கைகளில் அந்தச் சத்தம் கேட்டால் ரீவி நின்றுவிடும், போன் தலையணைக்குக் கீழே போய்விடும், பிள்ளை ஏதாவது ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சில வேளை அந்தப் புத்தகம் தலைகீழாகவும் இருக்கும்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். பேயையும் நம்புவதில்லை, சகுனமும் பார்ப்பதில்லை. நூலகப் பொறுப்பில் இருந்து, பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்த ரீச்சரை 'வாசிப்புப் பொலிஸ்' என்று கேலி செய்ததில் முதல் ஆளும் நான்தான்.

ஆறாம் தரத்திலிருந்து எட்டாம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் ஒரு கொப்பி கொடுத்திருந்தார். திகதி, பக்கம், கேட்டவர் என்று அதில் மூன்று கட்டம். வீட்டில் தினமும் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒருவர் இருந்து கேட்க வேண்டும், அவருடைய பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். ஒரு பொடியன் தன் நாயின் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். நாயும் கேட்டிருக்கும்தானே என்று சொல்லி அதற்கும் சரி போட்டார்.

ரீச்சர் சின்ன வயதில் போரால் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் இருந்தபோது, கச்சான் கடலை சுற்றி வந்த கடதாசியை வாசித்துக் காட்டுவாராம். தாய் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாராம். "வீடு போச்சுது சேர், புத்தகம் எல்லாம் போச்சுது. கேக்க ஒரு ஆள் இருந்தபடியால்தான் நான் படிச்சு வந்தனான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

லவீனா ஏழாம் தரம். அவளுடைய தகப்பன் லெனாட் போன வருடம் வைகாசியில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையின் வாயிலிருந்து பேச்சு வருவதே அரிது. தாய் சுவர்ணா நண்டுக் கம்பனியில் ஆறு மணி வரை வேலை.

"வீட்டிலை கேக்க ஒருத்தரும் இல்லை ரீச்சர்" என்று லவீனா சொன்னபோது ரீச்சர் ஏதோ அவசரத்தில் இருந்தார்.

"தேடிப் பிடி பிள்ளை. கேக்க ஆளில்லாத வீடு இல்லை."

மறுநாள் அந்தக் கட்டத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தது. தகப்பனின் படத்துக்கு முன்னால் இருந்து வாசிக்கிறாளாக்கும் என்று நினைத்து ரீச்சர் சரி போட்டார். ஒரு ஆமையைப் பற்றிய கதை அது, நாற்பது பக்கம்தான். பத்துக் கிழமையாகியும் புத்தகம் திரும்பி வரவில்லை. ஒரு நாளைக்கு அரைப் பக்கம், கால் பக்கம் என்று வாசிப்புக் குறைந்துகொண்டே போனது.

ஐப்பசி மாதம் பள்ளிக்கூடத்து வலைப்பந்து வலையைத் தைத்துத் தர நீக்கிலாப்பிள்ளை வந்தார். லெனாட்டோடு சேர்ந்து தொழிலுக்குப் போன நாலு படகுகளில் ஒன்று அவருடையது. வலையைத் தைத்தபடி சொன்னார்.

"பொழுதுபடேக்கை வலை விட்டிட்டு இருக்கிறம் சேர். வயர்லெஸ் செற்றுக்குள்ளாலை ஒரு பிள்ளை படிக்குது. இரைச்சலுக்கை ஆற்றை குரல் எண்டு பிடிபடேல்லை. கொஞ்சம் படிச்சிட்டு அப்பிடியே நிண்டிடும். லெனாட் பாவிச்ச வயர்லெஸ் சனலிலைதான். ரெண்டு பேர் பயத்திலை தொழிலுக்கு வாறேல்லை."

"என்ன படிக்குது?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஒரு ஆமை. கடலைத் தேடி நடக்குது."

ரீச்சர் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டார். லவீனாவிடம் இருக்கிற புத்தகம் அதுதான்.

"லெனாட் ஏதும் பதில் சொன்னவரோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவன் உயிரோடை இருக்கேக்கையே கதைக்கிற ஆள் இல்லை சேர். நாங்கள் என்ன சொன்னாலும் பட்டனை ரெண்டுதரம் அமத்துவான். டக், டக். கேட்டிட்டன் எண்டு அர்த்தம்."

அன்று பின்னேரமே ரீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு சுவர்ணாவிடம் போனார். படகோடு கிடைத்து வீட்டுக்கு வந்த லெனாட்டின் செற் வேலை செய்வதே சுவர்ணாவுக்குத் தெரியாது. அவருடைய கவலை வேறு.

"ஆத்துமாக்கள் திருநாளுக்குத் தேப்பனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வா எண்டால் வாறாள் இல்லை. போன வருசம் மாட்டன் எண்டாள். இந்த முறை புத்தகம் முடியட்டும் எண்டுறாள். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ ரீச்சர்."

முடித்தால் தகப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். புத்தகம் ஏன் முடியவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாள். அன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை, குருநகர் முழுக்கச் சேமக்காலைக் கல்லறைகளுக்கு முன்னால் நிற்கும். லவீனாவை அங்கே கூட்டிக்கொண்டு போக ரீச்சர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஐந்தரை மணி இருக்கும். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. பூட்டிய வீடுகளுக்கு நடுவில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் வாசிக்கிற குரல் வந்தது.

சுவர்ணா வாசலில் மெழுகுதிரியோடு நின்றார். உள்ளே மேசையில் பழைய செற், பற்றரி, கூரைக்குப் போகிற வயர். லவீனா பட்டனை அமத்தியபடி வாசித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு நிறுத்தினாள்.

"பிள்ளை, உதைக் கேக்கிறது படகிலை இருக்கிற மாமாமார். அவை பயப்பிடினம்" என்றார் ரீச்சர்.

"தெரியும் ரீச்சர். இண்டைக்கு அவை ஒருத்தரும் கடலிலை இல்லை. அதுதான் கடைசிப் பக்கத்தை இண்டைக்கு வைச்சனான். இண்டைக்கு அப்பா மட்டும்தான்."

லவீனா வாசித்தாள். ஆமை ஈர மணலுக்கு வந்தது. அலை வந்து அதைத் தூக்கியது. ஆமை திரும்பிப் பார்க்கவில்லை, கரையும் அதைக் கூப்பிடவில்லை.

பட்டனை விட்டாள். செற் இரைந்தது. நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இதெல்லாம் எப்போது முடியும் என்று. இரைச்சல் சட்டென்று அறுந்தது.

டக். டக்.

சுவர்ணா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் மணிக்கூட்டை விட்டுத் திரும்பினேன். லவீனா மட்டும் அசையவில்லை. செற்றை நிறுத்தினாள், புத்தகத்தை மூடி ரீச்சரிடம் கொடுத்தாள், கொப்பியையும் நீட்டினாள்.

"இண்டைக்கு நீங்கள் எழுதுங்கோ ரீச்சர். நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டியள்."

ரீச்சர் அழுதுகொண்டே எழுதினார். கேட்டவர்: லெனாட்.

பிள்ளை தாயின் கையிலிருந்து மெழுகுதிரியை வாங்கினாள். "வாங்கோம்மா, போவம்."

சேமக்காலையில் கல்லறை இல்லாதவர்களுக்கென்று விட்ட மூலையில் அவள் அதைக் கொளுத்தினாள். அப்போதுதான் சத்தமாக அழுதாள், ஒன்றரை வருடத்து அழுகை. நான் அந்த நாலு படகிலும் போகிற பதினொரு பேரையும் தேடி எண்ணினேன். பதினொரு பேர். மறுபடி எண்ணினேன், பதினொரு பேரும் நின்றார்கள். செற்றுகள் எங்கே என்று நீக்கிலாப்பிள்ளையிடம் கேட்டேன். காலையிலேயே கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொல்லி, இடுப்பில் இருந்த திறப்பைத் தட்டிக் காட்டினார்.

இருபத்தாறு வருடப் படிப்பிப்பில் நான் ஒருவருக்கும் அரைப் புள்ளி பொய்யாகப் போட்டதில்லை. ரீச்சரிடம் கொப்பியை வாங்கி, லெனாட் என்ற பெயருக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.