ராணியின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

டெக்சாஸில், பிளானோவில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவருக்கு நாணயம் சேர்க்கும் பைத்தியம். இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு நினைவாக வெளியான தங்க நாணயம் ஒன்றை வாங்கி வந்தார். கண்ணாடிபோல் மின்னும். வெறும் கை படக்கூடாது என்று பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்திருந்தார்கள். தூசி தட்டக்கூட எனக்கு அனுமதியில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காவோ, பார்க்கக் கொடுத்ததும் கூட்டைத் திறந்து, நாணயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அக்கா, டச் பண்ணாதீங்க!"

"புதுத் தங்கத்தைக் கண்ணுல ஒத்தாம யாராவது உள்ள வைப்பாங்களா, தம்பி?"

நாணயத்தில் அப்போது ஒரு சுவடும் தெரியவில்லை. கணவர் அதை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அக்கா ஊர் திரும்பினார். சில மாதங்களில் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து அலமாரியைத் திறந்தால், ராணியின் கன்னத்தில் பழுப்பாக ஒரு கைரேகை! மகளைப் பிடித்துத் திட்டினேன்.

"நோ மாம், ஐ ஸ்வேர்!" என்று அழுதாள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. அரிவாள்மணையில் வெட்டுப்பட்டுத் தழும்பான அக்காவின் கட்டைவிரல்.

விரலின் எண்ணெய்ப் பசை உடனே தெரியாது, மாதக்கணக்கில் மெதுவாகக் கறுத்துத்தான் வெளியே வரும் என்றார் நாணயக் கடைக்காரர். இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் தெளிவாகிக்கொண்டே வருகிறது.

இப்போதெல்லாம் வீட்டுக்குப் புதுத் தங்கம் எது வந்தாலும், பெட்டிக்குள் வைக்குமுன் எல்லோரையும் ஒருமுறை அழுத்தித் தொடச் சொல்கிறேன்.