என்னையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள்

வீட்டு இணையம் அடிக்கடி அறுந்ததால் ஒரு பெரிய நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, போன வருடம்தான் சின்ன நிறுவனம் ஒன்றுக்கு மாறினேன். மாறச் சொன்னதே எங்கள் லாபிஸ் ஊரில் அந்தச் சின்ன நிறுவனத்தின் கடைக் கவுண்டரில் இருக்கும் விமலா அக்காதான்.

இன்று போனால், அக்கா அந்தப் பெரிய நிறுவனத்தின் சீருடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னக்கா இது?"

"அலமாக், தெரியாதா தம்பி? அவங்க எங்க கம்பெனிய வாங்கிட்டாங்க லா."

"அப்ப என் லைன கட் பண்ணிடுங்க."

"உங்க காண்ட்ராக்ட் இன்னும் முடியலயே. அதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்காங்க."

அப்போதே கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. மீண்டும் அவர்களோடு இணைந்ததற்கு நன்றியாம்.

அக்காவிடம் காட்டினேன்.

"எனக்கும்தான் நன்றி சொன்னாங்க. நான் அங்க வேலைய விட்டுட்டு இங்க வந்தவ."

யாராவது தப்பித்திருந்தால், எந்த நிறுவனம் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். இங்கே வேண்டாம். அதையும் வாங்கிவிடுவார்கள்.