கையெழுத்துப் போடாத மூன்று நாள்

எங்கள் ஊர் தளிக்குப் பக்கம். ஊருக்கு ஒரு கபடி டீம் உண்டு. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அந்த டீமின் ஆள். டீமுக்கு அது தெரியாது.

பெண் பிள்ளைகள் மைதானத்துக்குப் போகக் கூடாது. தண்ணீர் டேங்க் படியில் ஏறி நின்று பார்ப்போம். மற்றப் பெண்கள் ஆட்களைப் பார்த்தார்கள். நான் கால்களைப் பார்த்தேன். யார் எந்தக் காலை முன்னால் வைப்பான், யாருக்கு எப்போது மூச்சு உடையும், எல்லாம் தெரியும்.

என் அண்ணன் டீமில் இருந்தான். வீட்டில் அவனுக்குத் தினம் இரண்டு முட்டை. அவன் ஜெர்சியைத் துவைப்பது என் வேலை. ஒரு நாள் யாரும் இல்லாதபோது அதைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அன்றைக்கு அவன்மேல் வந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஒரு வருடம் திருவிழாவுக்கு, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு டெம்போ வந்தது. இறங்கியது பெண்கள் டீம். அரை டிராயர் போட்டிருந்தார்கள். "ஹிடி, ஹிடி" என்று, பிடிக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஆடினார்கள். ஊரே கை தட்டியது. என் அப்பாவும் தட்டினார்.

"பொட்டப் புள்ளைங்க இன்னா ஆட்டம் ஆடுதுங்க பாரு."

"நானும் ஆடறேம்பா."

"வாய மூடு. அதுங்க வேற ஊரு."

பாதி ஆட்டத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா தட்டிய சத்தம் வீடு வரைக்கும் கேட்ட மாதிரி இருந்தது.

கல்யாணமும் உள்ளூரிலேயே ஆனது. ஓசூரில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் டீம் ஆடினால் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய் நிற்பேன். இப்போது யாரும் தடுப்பதில்லை. டீம் தோற்றால் சோறு இறங்காது.

போன வருடம் எங்கள் ஊரிலும் பெண்கள் டீம் வந்தது. முதலில் சேர்ந்தவள் என் மகள். கிருஷ்ணகிரியில் ஆடப் போக, பெற்றவர் சம்மதம் என்று ஒரு பேப்பர் கொண்டுவந்து நீட்டினாள்.

நல்ல விஷயம்தான். எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமையா என்று கேட்பார்கள். ஆமாம்.

பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கம்பெனிக்குப் போய் வந்தேன். மறந்துவிட்டேன் என்றேன்.

"மறந்துட்டியா, மறக்கறியாம்மா?" என்றாள் மகள். "நாளைக்குக் கடைசி."

வீட்டுக்காரருக்குக் கோபம். "ஒரு கையெழுத்துதான? போட்டுத் தொலையேன். அப்படியே உங்கப்பனாட்டம் பண்ற."

"எங்கப்பன் பயந்தாரு."

"நீ?"

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கிருஷ்ணகிரியில் கூட்டம். அவள் கபடி பாடிப் போனாள். மூன்று பேர் சேர்ந்து மடக்கினார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்தது. அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

எழுந்தாள். முழங்கையில் ரத்தம். கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் எதிர் டீமில் ஒருத்தியின் அம்மா. தன் மகள் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவள்மேலும் பொறாமை வந்தது. இவளால் முடிகிறதே என்று.

மகள் மறுபடி உள்ளே வந்து பாடிப் போனாள். நான் கத்தினேன். எங்கள் ஊர் பேரைச் சொல்லித்தான் கத்தினேன். அவள் பேர் வாயில் வரவில்லை. இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். ஆட்டத்தில் தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"ஊரு பேரக் கத்தற. என் பேரக் கத்தினா இன்னா?"

"அடுத்த மேட்ச்ல பாக்கலாம்."

"அடுத்த மேட்ச்சுக்கு விடுவியா?"

"விடாம?" என்றேன்.

சாய்ந்து தூங்கிவிட்டாள். ஓசூர் வரும்வரை அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புழுதி ஒட்டிய, நல்ல கால்கள். வயிறு இன்னும் எரியத்தான் செய்தது.