பூட்ஸ் மரத்துப் பாதை

பாதையை அடைத்தது நீங்கள்தான், அண்ணாச்சி. கம்பி கட்டியது சோலார் கம்பெனி. அளந்து கல் ஊன்றியது யாரோ வெளியூர் ஆட்கள். ஆனால் ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்கன பாதையே கெடையாது, எந்தக் காலத்துலயும் எவரும் நடந்ததுமில்ல" என்று சொன்னது நீங்கள். அதைச் சொன்ன பிறகுதான் கம்பி வந்தது.

படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி என்றால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் கல்யாணமாகி வந்து கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. துணியை நேராக வெட்டத் தெரியும். அதே மாதிரிதான் எழுதவும் போகிறேன்.

போன வாரம் பேச்சி கடைக்கு வந்தாள். என்னோடு சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, ஊருக்கு மேற்கே இருக்கிற காட்டில் கொத்தமல்லி விதைத்திருக்கிறாள். ஒரு கட்டு மல்லியைப் பூவும் இலையுமாகப் பிடுங்கி வந்து, தைக்கிற மெஷின் மேல் போட்டாள். கடை முழுக்க மணத்தது. மார்கழிப் பனியில் நின்ற மல்லிக்கு ஒரு மணம் உண்டு. மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்து விற்கிற கட்டில் அது வராது. அவள் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் முள் கீறல்.

"என்னட்டி இது, பூனையோட சண்ட போட்டியா?"

"பூனையாவது விட்ருக்கும். வேலிய சுத்தி ஓடைக்குள்ள எறங்கி, முள்ளுக்குள்ள நுழைஞ்சு வாரேன். நான் எப்படியும் நுழைஞ்சிருவேன். மாசில அறுத்துப் போட்டா மூடை நுழையுமா? டிராக்டர் நுழையுமா?"

"தலைவர்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். ஒங்காட்டுக்குப் பாதையே கெடையாது பேச்சி, நீ எப்பவும் ஓடை வழியாத்தான் போனன்னு சொல்லுதாவ. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லுதாவ. அவியளுக்கு நாக்கு கூசல. எனக்குத்தான் கேக்கவே கூசுது."

இதுதான் விவகாரம். பேச்சியின் விளைச்சல் வெளியே வர இருக்கிற ஒரே வழி அந்தப் பாதை. ஓடைக்குள் வண்டி இறங்காது. பாதை திறக்கவில்லை என்றால் மல்லி காட்டிலேயே உதிர்ந்து கிடக்கும். அவள் போன பிறகு எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

அந்த மல்லி மணம் எனக்குப் பழக்கமானது அந்தப் பாதையில்தான். தீப்பெட்டி ஆபீசில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குச்சியை மருந்தில் முக்கினால் அது வெயிலில் காய வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வானம் மூடிக்கொண்டால் மருந்து காயாது. காயாவிட்டால் எல்லா வேலையும் நின்றுவிடும். அதனால் மூட்டம் போட்ட காலையில் கணக்கப்பிள்ளை வெளியே வந்து நின்று மேலே பார்ப்பார். நாங்கள் எல்லோரும் மேலே பார்க்காமல் அவர் மூஞ்சியைப் பார்ப்போம். அவர் வாயைக் கோணிக்கொண்டு, "ஏ புள்ளைகளா, இன்னைக்குக் காயாது. வீட்டுக்குப் போங்க" என்பார்.

ஒருத்தியும் வீட்டுக்குப் போக மாட்டாள். வீட்டுக்குப் போனால் அங்கே வேறு வேலை காத்திருக்கும். சோறு தூக்குவாளியில் இருக்கிறது, பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. நேராகக் கழுகுமலைக்கு நடையைக் கட்டுவோம். பஸ்ஸில் போனால் சுற்று. காட்டுக்குள்ளே மாட்டுவண்டிப் பாதை ஒன்று குறுக்கே போனது. வழி கேட்கவே வேண்டாம். மலை எப்போதும் கண்ணுக்குத் தெரியும், அதை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு நடந்தால் போதும். மேக நிழல் மலைமேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நடப்போம். இரண்டு பக்கமும் பருத்தி, உளுந்து, மல்லி. கரிசல் காட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்தவர்கள் அதை வறண்ட பூமி என்று எழுதுகிறார்கள். மார்கழியில் வந்து பார்க்கட்டும். கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை, நடுவில் கறுப்பு நாடா மாதிரி பாதை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து நெடியில் கண் எரியும், விரல் நுனி வெடித்துப் பிளந்திருக்கும். அந்த வேலைக்குத் திரும்பிப் போகச் சொன்னால் கத்தரிக்கோலோடு வருவேன். நடந்த நாட்கள் மட்டும் நல்ல நாட்கள்.

பாதைக்கு ஒரு முறை இருந்தது. காட்டுக்காரர்கள் பாதை ஓரமாக ஒரு வரிசை தட்டாங்காய் ஊன்றுவார்கள். அது நடக்கிறவர்களுக்கு. பறித்துத் தின்றுகொண்டே போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடாது. சீனியம்மாள் என்று ஒருத்தி, பாதையில் பாதி தூரத்தில் அவள் காடு. எங்களைக் கண்டதும் பருத்திக்குள்ளே இருந்து தலையை நீட்டிக் கத்துவாள்:

"ஏட்டி, வயித்துல போடுதத போடுங்க. மடியில கட்டுனிய, கால முறிச்சு அடுப்புல வச்சிருவேன்!"

"ஒங்க அடுப்புக்கு எங்க காலு பத்தாது சின்னம்மா, கணக்கப்பிள்ளை கால வச்சுக்கோங்க!" என்று பேச்சி திருப்பிக் கத்துவாள்.

கணக்கப்பிள்ளை கால் என்றதும் எனக்கு இப்போதே சிரிப்பு வருகிறது. ஏனென்றால் லீவு விட்டுவிட்டு அவரும் எங்கள் பின்னாலேயே வந்துவிடுவார். "நீங்க பாட்டுக்கு ஓடைல விழுந்து செத்தா மொதலாளிக்கு யாரு பதில் சொல்லுதது" என்பார். உண்மையில் அவருக்கும் வீட்டில் பொழுது போகாது. நல்ல மனிதர். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஓடையில் தண்ணீர் ஓடினால் முதலில் அவர் இறங்கிப் பார்ப்பார், இடுப்புக்கு மேல் இருந்தால் எங்களைத் திரும்பச் சொல்லிவிடுவார். காராச்சேவு வாங்கி வருவார். அவருக்கு மட்டும் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை எங்களிடம் கொடுத்துவிடுவார்.

அவர் மெட்ராசில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மெட்ராஸ் அவரிடம் விட்டுப் போனது ஒரு சீப்பும், ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் பூட்ஸும். ஒரு கார்த்திகையில், முதல் நாள் மழை பெய்து விட்டிருந்த காலையில், அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

கரிசல் மண்ணில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மழை பெய்தால் செருப்பு கைக்குப் போய்விட வேண்டும். வெறுங்காலோடு, பாதையின் நடுவில் புல் நிற்கிற மேட்டில்தான் நடக்க வேண்டும். சக்கரத் தடத்தில் கால் வைத்தால் மண் விடாது. ஒரு எட்டுக்கு ஒரு பிடி மண் ஏறும். நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். அவர் மட்டும் நிமிர்ந்து பூட்ஸ் காலோடு வருகிறார்.

"அண்ணாச்சி, கழத்திருங்க" என்றேன்.

"இது பிடிமானமுள்ள பூட்ஸு புள்ள. ரப்பர் அடி."

கொஞ்ச தூரத்தில் பூட்ஸ் பானை அளவு ஆனது. இன்னும் கொஞ்ச தூரத்தில் உரல் அளவு ஆனது. உளுந்தங்காட்டுத் திருப்பத்தில் முள்ளும் கிளையுமாக ஒரு உடைமரம் நின்றது. அதற்கு நேரே வந்ததும் மனிதரால் காலைத் தூக்கவே முடியவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றுவிட்டார். பேச்சி சுற்றி வந்து, குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஊரு நிலத்துல பாதியக் கால்லயே கட்டிக்கிட்டுப் போறீங்களே. பத்திரம் பதிஞ்சாச்சா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் சீனியம்மாள் காட்டை விட்டு ஓடி வந்துவிட்டாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரை இழுத்தோம். ஒரு கால் பூட்ஸோடு வந்தது. இன்னொரு கால் பூட்ஸை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்தது. அவர் மல்லாக்க விழுந்தார், நான் அவர் மேல் விழுந்தேன். எனக்கு அப்போதே கொஞ்சம் உடம்பு உண்டு. "யம்மா" என்று அவர் கத்தியது பூட்ஸுக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சீனியம்மாள் களைக்கொத்தியால் தோண்டிப் பூட்ஸை எடுத்தாள். அடி தனியாக, மேல் தனியாகப் பிளந்திருந்தது. பேச்சி அதன் நாடாவைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினாள். அது போய் உடைமரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டது. அங்கேயே இருந்தது. அடுத்த வருஷம் அதற்குள் குளவி கூடு கட்டியதால் யாரும் எடுக்கப் போகவில்லை. அதிலிருந்து அந்த இடத்துக்குப் பேரே பூட்ஸ் மரம். "பூட்ஸ் மரத்துக்கு இங்கிட்டு என் காடு", "ஆடு பூட்ஸ் மரத்தைத் தாண்டிருச்சு", "பூட்ஸ் மரத்துக்கிட்ட நில்லு, வாரேன்." பூட்ஸ் மட்கி விழுந்த பிறகும் பேர் போகவில்லை. யாருடைய பூட்ஸ் என்று தெரியாத பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

அன்றைக்கு அவர் வெறுங்காலோடு மலைக்கு வந்தார். பாறையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தோம். எங்களுக்குப் பின்னால் பாறையில் செதுக்கிய சமணர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி அவர்களைக் காட்டி, "பாருங்க அண்ணாச்சி, இவியளும் வெறுங்கால்தான்" என்றாள். அவர் சிரித்து, காராச்சேவைப் புரைக்கேற்றிக்கொண்டார். மேலே இருந்து பார்த்தால் நாங்கள் வந்த பாதை முழுக்கத் தெரிந்தது. அவரும்தான் பார்த்தார். என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தார்.

இப்போது நானும் பூட்ஸ் போடுகிறேன். சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் மகன் வாங்கிக் கொடுத்தான். காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு ஊர் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறேன். பக்கத்தில் நடக்கிற அம்மா காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்துதான் மாட்டியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பேச்சி வந்துபோன அடுத்த நாள் கடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போனேன். மூட்டம் போட்ட காலை. பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் கம்பி. உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தகடு, வானத்தைப் பார்த்துக்கொண்டு. சீனியம்மாள் செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆகிறது, அவள் பிள்ளைகள் காட்டை விற்றுவிட்டார்கள். விற்கட்டும், அவர்கள் சொத்து. சோலார் வரட்டும், எனக்குக் கரண்ட் வேண்டாமா, என் மெஷின் என்ன காற்றிலா ஓடுகிறது? ஆனால் பாதை சீனியம்மாளுடையது இல்லை. அவள் பிள்ளைகளுடையதும் இல்லை. அதை விற்க யாருக்கும் பாத்தியம் கிடையாது. தட்டாங்காய் வரிசை இல்லை. உடைமரத்தை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். அது நின்ற இடத்தில் சிமெண்டுத் தூண் ஒன்று நிற்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம், தூரத்தில், பேச்சியின் மல்லி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு மேலே மலை, முன்பு நின்ற இடத்திலேயே. மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. போகத்தான் முடியவில்லை.

காவலுக்கு நின்ற பையன் வடக்கத்திக்காரன். "ரோட் நஹீ" என்றான். ரோடு இல்லையாம். அவனைத் திட்டி என்ன பண்ண? சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான். சொல்லிக் கொடுத்தவர் உள்ளூர்க்காரர்.

அண்ணாச்சி, நீங்கள் முதல் தடவை எலக்ஷனுக்கு நின்றபோதும் அடைமழைதான். கார் உள்ளே போகாது என்று ஆட்கள் சொன்னார்கள். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புல் மேட்டில் கால் வைத்து அந்தப் பாதையிலேயே காட்டுக்குள் வந்தீர்கள். களை வெட்டிக்கொண்டிருந்த பேச்சியிடம் ஓட்டுக் கேட்டீர்கள். அவள் உங்கள் காலைத்தான் முதலில் பார்த்தாளாம். "அண்ணாச்சி பாடத்த மறக்கல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஓட்டும் போட்டாள்.

ஜனவரியில் குடியரசு தினத்துக்குக் கிராம சபை கூடும். நான் வருவேன். பேச்சி வருவாள். அன்றைக்குச் சேற்றிலிருந்து உங்களை இழுத்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள், சொல்லியாகிவிட்டது. போன தடவை பிடித்த அதே மைக்கைப் பிடியுங்கள். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம், கடைக்கு வந்து காப்பி குடித்துவிட்டுச் சொல்லவும் வேண்டாம். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

அங்கே பாதையே கிடையாது, யாரும் நடந்ததே இல்லை என்றால், உங்கள் பூட்ஸை எந்த இடத்தில் மண் பிடித்துக்கொண்டது, அண்ணாச்சி?